மூணு பேராய் வந்த சேதி

நாரின், அக்டோபர் 12

தம்பி திலெக்குக்கு,

அக்கா மீரிம் எழுதுறேன். இங்க ஆளுங்களும் சுகம், ஆடுமாடும் சுகம். உன் உடம்பு எப்படி இருக்கு? தொப்பி போடுறியா, இல்ல அந்த ஊர்க்காரங்க மாதிரி மழையில வெறுந்தலையோட சைக்கிள் மிதிக்கிறியா?

போன் இருக்கறப்போ எதுக்கு மெயில்ல கடிதம்னு கேக்காதே. போன்ல நீ சிரிச்சுச் சிரிச்சே மழுப்பிடுற. அதுலயும் அம்மா ஸ்பீக்கரைப் போட்டு நம்ம ஊர் அத்-பாஷியில தெருவையே கூட்டி உக்கார வெச்சுடுறாங்க. நான் பாடம் நடத்துற பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர்ல நான் மட்டும்தான் படிப்பேன். அதனால இங்க உண்மையை எழுது.

அம்மா போன வாரம் சந்தையில நின்னு, "என் மகன் ஹாலந்துல தண்ணிக்கு அணை கட்டுற இன்ஜினியர்"னு தக்காளி விக்கிறவகிட்டல்லாம் சொல்லிட்டாங்க. நீ வர்றப்போ விருந்துக்கு அறுக்கறதுக்குன்னு அந்தச் செவலைக் குதிரையை ஓட்ஸ் போட்டு வளக்குறாங்க. அது கதவுல நுழைய முடியாத அளவுக்கு ஊதிப்போச்சு.

என் கேள்வி ஒண்ணுதான். படிப்பு முடிஞ்சுது. உன் தங்கும் அனுமதி அட்டை இந்த மாசக் கடைசியோட முடியுதுன்னு கோடையில சொன்ன. புதுசு கேட்டியா?

நல்லா சாப்பிடு. பதில் போடு.
மீரிம் அக்கா


கிரோனிங்கன், அக்டோபர் 21

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

நான் சுகம். நீங்களும் மச்சானும் பிள்ளைங்களும் சுகமா இருக்கணும். தொப்பி போடுறேன், சத்தியமா.

அட்டையைப் பத்திக் கவலைப்படாதீங்க. இங்க படிச்சு முடிச்சவங்களுக்கு, வேலை தேடிக்கோன்னு ஒரு வருஷம் தங்க விடுவாங்க. ஒரு படிப்புக்கு ஒரே ஒரு தடவைதான். நான் இன்னும் அதைக் கேக்கல. ஏன்னா கேட்ட அன்னிக்கே அந்த வருஷம் ஓட ஆரம்பிச்சுடும். வேலை இல்லாம சும்மா உக்காந்து அதைத் தின்னு தீக்கறதா? குளிர்காலத்துக்குன்னு கொழுக்க வெச்ச குதிரையைக் கோடையில யாராவது அறுப்பாங்களா? ஒரு தண்ணீர் கம்பெனியில ரெண்டாவது சுற்றுப் பேச்சு நடக்குது. அவங்க சரின்னு சொன்ன மறுநாளே எடுத்துடுவேன்.

என்கூட இருக்கிற ஜார்ஜியாக்காரன் வக்தாங், "நீ பெரிய ஆளுடா"ன்னு சொல்றான்.

அம்மாவுக்கு என் வணக்கம். செவலையைத் தட்டிக் கொடுங்க.
தம்பி திலெக்


நாரின், நவம்பர் 4

திலெக்,

சுகமா? நாங்க சுகம். மத்த விசாரிப்பெல்லாம் அப்புறம்.

பெரிய ஆளாம்! அடேய், குதிரையை இன்னிக்கு அறுக்கலைன்னா அது நாளைக்கும் அதே கொட்டில்ல நிக்கும். உன் அட்டை நிக்குமா? மாசம் முடிஞ்சுபோச்சே! கம்பெனிக்காரன் சரின்னு சொன்னானா? அந்த வருஷத்தைக் கேட்டியா, கேக்கலையா? ஆமா, இல்லன்னு ஒரு வார்த்தை எழுது போதும்.

மூணு தடவை போன் பண்ணிட்டேன். எடுக்கல.

மீரிம் அக்கா


கிரோனிங்கன், நவம்பர் 25

அக்காவுக்கு,

உங்க எல்லாரோட நலமும் கேட்டு எழுதுறேன். லேட்டானதுக்கு மன்னிச்சுடுங்க.

அட்டை முடிஞ்சுபோச்சு. நான் கேக்கல.

கம்பெனியில எல்லாம் சரியாத்தான் போச்சு. கடைசியா அந்தப் பொண்ணு, "உங்க அட்டையோட நகல் ஒண்ணு குடுங்க"ன்னா. குடுத்தேன். அதுல தேதி முடிஞ்சு ஒரு வாரம் ஆகியிருந்துச்சு. அவ முகம் போன போக்கைப் பாத்தப்பதான் எனக்குப் புரிஞ்சுது. அது வரைக்கும் நான் தப்பு பண்றேன்னே தோணல அக்கா. மிச்சம் பிடிக்கிறேன்னு நெனச்சுட்டு இருந்தேன்.

இப்போ ஆளாளுக்கு ஒரு வழி சொல்றாங்க. வக்தாங் வேற படிப்புல சேரச் சொல்றான், பணத்துக்கு எங்க போறது? மாடிவீட்டுப் பொண்ணு, "யாரையாவது கட்டிக்கோ"ன்னு சொல்லிட்டுக் கதவைச் சாத்திக்கிட்டா. இன்னொருத்தன் அகதின்னு எழுதிக் குடுக்கச் சொல்றான். எதுலருந்து தப்பிச்சு வந்தேன்னு எழுதறது? அம்மா செய்ற பெஷ்பர்மாக் கறிச் சாப்பாட்டுலருந்தா? ஆபீஸ்ல போய்க் கேக்கலாம்னா, கேக்கப் போன இடத்துலயே பிடிச்சு உக்கார வெச்சுடுவாங்கன்னு பயமா இருக்கு. பழைய சிம்மைக்கூட எடுத்துட்டேன். கை வெடிச்சிருக்கறதால ரொம்ப எழுத முடியல.

அம்மாகிட்ட சொல்லணும். என்னால முடியாது. நீங்க மெதுவா சொல்லுங்க. தனியா சொல்லாதீங்க, அவங்களுக்கு ரத்த அழுத்தம் இருக்கு. பெரியவங்க யாராவது கூட இருக்கட்டும்.

திலெக்


நாரின், டிசம்பர் 2

திலெக்,

உன் உடம்பு நல்லா இருக்கட்டும். கை ஏன் வெடிச்சுது? அட்டை இல்லாதவனுக்கு எவன் வேலை குடுத்தான், எந்தத் தண்ணியில கையை விட்டுக்கிட்டு நிக்கிற? அதை மட்டும் எழுதாம விட்டுட்ட.

உன்னைத் திட்ட ஆரம்பிச்சா இந்தக் கம்ப்யூட்டர் சூடாகிடும். அதனால விட்டுட்டேன். பள்ளிக்கூடத்துல பரீட்சை, நான் அத்-பாஷிக்குப் போக முடியல. ஒஸ்மோன் மாமாகிட்ட போன்ல எல்லாத்தையும் விளக்கிட்டேன். "மகளே, கனமான சேதியை எப்படிச் சொல்லணும்னு எனக்குத் தெரியும். நீ கவலைய விடு"ன்னார். சனிக்கிழமை காலையில போவார். அம்மாவுக்கு அண்ணன், அவர் சொன்னா கேட்டுக்குவாங்க.

பயப்படாதே. தொப்பி போடு.
அக்கா


அத்-பாஷி, டிசம்பர் 8

திலெக்,

நீ உயிரோட இருக்கியா? இருந்தா இதைப் பாத்த அந்த நிமிஷமே ஒரு வரி எழுது. உன் மச்சான் குபான் போன்லருந்து எழுதுறேன்.

என்ன நடந்துச்சுன்னு சொல்றேன் கேளு. ஒஸ்மோன் மாமா நேத்து விடிகாலையில போனார். தனியா போகல. நீதான் பெரியவங்க கூட இருக்கட்டும்னு சொன்னியே! கனமான சேதியை ஒத்தை ஆளா சொல்றது நம்ம வழக்கம் இல்லன்னு, தெருவுல ரெண்டு பெரியவரை எழுப்பிக் கூட்டிட்டுப் போயிருக்கார். மூணு பேரும் வெள்ளைத் தொப்பி. மூணு பேரும் வாசல்ல குரல் குடுக்காம, தலையைக் குனிஞ்சுக்கிட்டு வரிசையா உள்ள நுழைஞ்சிருக்காங்க.

அப்பா மலைமேல செத்தப்போ யாரு வந்தா? இதே ஒஸ்மோன் மாமா. கூட ரெண்டு பேர். இதே மாதிரி விடிகாலை.

அம்மா பால் கறந்துட்டு வாளியோட நின்னாங்களாம். மூணு பேரைப் பாத்தாங்க. வாளி கீழ விழுந்துச்சு. மாமா இன்னும் வாயே திறக்கல! "என் திலெக்கு!"ன்னு ஒரு ஓலம். பக்கத்து வீட்டுக்காரிங்க ஓடி வந்து, ஏன் எதுக்குன்னு கேக்காம கூடவே அழ ஆரம்பிச்சுட்டாங்க. தெருவே வந்துடுச்சு. மதியத்துக்குள்ள முற்றத்துல துக்கக் கூடாரம் நட்டு, அம்மாவைக் கறுப்பு உடுத்தி உள்ள உக்கார வெச்சுட்டாங்க.

எனக்கும் சேதி வந்துச்சுடா. "உன் தம்பி போயிட்டான்"னு. நான் அனுப்பின ஆளுங்கதான், நான் அனுப்பின சேதிதான், எல்லாம் தெரியும். ஆனாலும் நான் நம்பிட்டேன். உன் போன் செத்துக் கிடக்குது, உன்கிட்டருந்து ஒரு வார்த்தை இல்ல. வழி முழுக்கக் கத்திக்கிட்டே வந்தேன்.

வந்து பாத்தா ஒஸ்மோன் மாமா கூடாரத்து வாசல்ல நின்னு குலுங்கிக் குலுங்கி அழறார். "மாமா, நான் சொல்லச் சொன்னது விசா விஷயம்தானே?"ன்னு சட்டையைப் பிடிச்சேன். "ஆமா மகளே. ஆனா ஊரே அழறப்போ நான் மட்டும் சும்மா எப்படி நிக்கிறது? ஒருவேளை எனக்குத் தெரியாம ஏதாவது ஆகியிருக்குமோன்னு எனக்கே வந்துடுச்சு"ங்கறார்.

எழுதுடா. திட்டியாவது எழுது.


கிரோனிங்கன், டிசம்பர் 10

அக்கா, அக்கா,

நான் உயிரோட இருக்கேன்! கை கால் எல்லாம் இருக்கு. ஹோட்டல்ல பாத்திரம் கழுவுறேன், அதான் கை வெடிச்சுது. வேற ஒண்ணும் இல்ல.

நான் செத்தது எனக்கே எப்படித் தெரிஞ்சுது தெரியுமா? இன்னிக்குக் காலையில கதவு தட்டுற சத்தம். போலீஸ்தான்னு நெனச்சு வக்தாங் கட்டிலுக்கடியில போனான். அவனுக்கு அட்டை இருக்கு, அவன் எதுக்குப் போனான்னு அவனுக்கே தெரியல. நான் திறந்தேன். எங்க பல்கலைக்கழகத்துல வெளிநாட்டு மாணவங்களைப் பாத்துக்கிற ஹில்டே அம்மா. கையில வெள்ளைப் பூ. என்னைப் பாத்ததும் அப்படியே படிக்கட்டுல உக்காந்துட்டாங்க.

இங்க இருக்கிற நம்ம ஊர்ப் பசங்க என் படத்துக்குக் கறுப்புப் பட்டை போட்டு, உடம்பை ஊருக்கு அனுப்பறதுக்கு வசூல் ஆரம்பிச்சிருக்காங்க. பல்கலைக்கழகத்துக்கும் எழுதியிருக்காங்க. ஹில்டே அம்மா என் வீட்டுக் கூட்டாளிகளுக்கு ஆறுதல் சொல்ல வந்திருக்காங்க. பூவைக் கீழ வெச்சுட்டு, "அப்போ நீ சாகலையா?"ன்னாங்க. "இல்லைங்க"ன்னேன். "பின்ன ஏன் இத்தனை நாளா எங்கிட்ட வரல?"ன்னு ஒரு அதட்டல் போட்டாங்க பாருங்க, எனக்கு உங்க ஞாபகம் வந்துடுச்சு.

எல்லாத்தையும் சொன்னேன். தலையில அடிச்சுக்கிட்டாங்க. அந்த வேலை தேடுற வருஷத்தைப் படிப்பு முடிஞ்சு மூணு வருஷம் வரைக்கும் கேக்கலாமாம். ஊர்லருந்தே கேக்கலாமாம். அட்டை முடிஞ்சாலும் அந்த உரிமை முடியாதாம். அட்டை முடியறதுக்கு முன்னாடியே ஊருக்குக் கிளம்பி வந்திருந்தா ஒரு சிக்கலும் இல்ல. திருடாத குதிரைக்காகத் திருடன் மாதிரி ஒளிஞ்சுக்கிட்டு இருந்திருக்கேன். அனுமதி முடிஞ்சும் தங்கினதுதான் இப்போ தப்பு. நானா கிளம்பினா ஒரு வருஷம் நுழையத் தடை விழலாம். நாள் கூடக்கூடத் தடையும் கூடுமாம்.

இப்பவே வீடியோல கூப்பிடுறேன். அம்மாவைக் கூடாரத்துலருந்து வெளிய வரச் சொல்லுங்க. அழுகையை நிறுத்தச் சொல்லுங்க.

உயிரோட இருக்கிற திலெக்


அத்-பாஷி, டிசம்பர் 15

திலெக்,

நீ நல்லா இருக்கணும், நூறு வருஷம் இருக்கணும். உன் எழுத்தைப் பாத்துட்டுப் சின்னப்பிள்ளை மாதிரி தரையில உக்காந்து அழுதேன்.

ஆனா அம்மா நம்பலடா.

நீ கூப்பிட்டப்போ பாத்தியே, போனைக் கவுத்து வெச்சாங்களே, அது வெட்கம்னு நெனச்சியா? அப்புறம் எங்கிட்ட சொன்னாங்க: "நல்லாத்தான் பண்ணியிருக்காங்க. கன்னத்து மச்சத்தைக்கூட விடல." இப்போ கம்ப்யூட்டர்ல செத்தவங்களையும் பேச வைக்கிறாங்கன்னு டிவியில பாத்தாங்களாம்.

"விசா முடிஞ்சதுதாம்மா சேதி"ன்னு தலைகீழா நின்னு சொல்லிட்டேன். என்னைப் பரிதாபமாப் பாக்கறாங்க. "உங்கப்பா விஷயத்துலயும் இப்படித்தானே சொன்னீங்க. மொதல்ல குதிரை தள்ளிவிட்டுச்சுன்னீங்க. அப்புறம் கால் உடைஞ்சுது, ஆஸ்பத்திரியில இருக்காருன்னீங்க. மூணாவதா உண்மையைச் சொன்னீங்க. இப்போ விசான்னு ஆரம்பிக்கிறீங்க. பரவாயில்ல மகளே, நான் தாங்கிக்குவேன்"னு என் முதுகைத் தடவிக் குடுக்கறாங்க. நான் எதைச் சொன்னாலும் அது அடுத்த படிக்கட்டுன்னு எடுத்துக்கறாங்க. ஊர்ல மத்தவங்க நம்பிட்டாங்க. ஆனா அம்மா முகத்தைப் பாத்ததும் அவங்களும் தலையைக் குனிஞ்சுக்கறாங்க. அதைப் பாத்து அம்மாவுக்கு இன்னும் உறுதி ஆயிடுது.

மாத்திரை போட மாட்டேங்கறாங்க. "யாருக்காகப் போடணும்?"னு கேக்கறாங்க. டாக்டர் முகம் சரியில்ல.

நீ வந்து நிக்கணும். வேற வழி இல்ல.
மீரிம் அக்கா


கிரோனிங்கன், டிசம்பர் 26

அக்காவுக்கு,

அம்மா மாத்திரை போட்டாங்களான்னு முதல்ல சொல்லுங்க. நான் சுகம்.

வரக்கூடாதுன்னு இல்ல. ஆனா பயமா இருக்கு. ஹில்டே அம்மா சொல்றதெல்லாம் சரிதான். போ, தடை முடியட்டும், அப்புறம் ஊர்லருந்தே தூதரகத்துல கேளுன்னு. அப்போ குடுக்கலைன்னா? விமான நிலையத்துல தடை எழுதுறவன் அதிக வருஷம் எழுதிட்டா? இங்க பூ வளக்கிற பண்ணைக்காரர் ஒருத்தர் மார்ச் வரைக்கும் வேலை தர்றேங்கறார், தங்க இடமும் உண்டு. யாரும் எதுவும் கேக்க மாட்டாங்களாம். அஞ்சு வருஷம் படிச்சது அக்கா. கதவைத் தாண்டிட்டா அது என் பின்னாலேயே சாத்திக்குமோன்னு இருக்கு.

மார்ச்சுக்கு அப்புறம் வர்றேன்னு சொல்லிப் பாக்கறீங்களா?

திலெக்


அத்-பாஷி, ஜனவரி 5

திலெக்,

சுகம் விசாரிக்கல. கோபத்துல இருக்கேன்.

மார்ச்சுக்கு வருவான்னு அம்மாகிட்ட சொன்னேன். "ஆமா, அப்புறம் மே மாசம்னு சொல்வீங்க"ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டாங்க. உன் குளிர்கோட்டையும் பூட்ஸையும் பக்கத்துத் தெருப் பையனுக்குக் குடுத்துட்டாங்க. உன் நாற்பதாம் நாள் துக்க விருந்துக்கு ஆள் சொல்லி அனுப்பறாங்க. பதினஞ்சாம் தேதி. செவலையை அறுக்கப்போறாங்க. நீ வர்றப்போன்னு வளத்தாங்களே, அதேதான்.

ஒஸ்மோன் மாமா தடுக்கப் போனார். "நீங்க வாசல் பக்கம் வராதீங்க அண்ணா, உங்களைப் பாத்தாலே நெஞ்சு நின்னுடுது"ன்னு அனுப்பிட்டாங்க.

உன் நாற்பதாம் நாளுக்கு நீயே வந்து சாப்பிடு. இல்லன்னா அதுக்கு அடுத்தது நிஜமாவே ஒண்ணு வரும், அது உன்னுது இல்ல.

எனக்குப் பள்ளிக்கூடம் திறக்குது. நாளைக்கு நாரினுக்குத் திரும்புறேன். பதினாலாம் தேதி இங்க வந்துடுவேன்.

அக்கா


அத்-பாஷி, ஜனவரி 15

அக்காவுக்கு,

நான் வீட்டுல இருக்கேன்! நீங்க நாரின்ல இருக்கீங்க! நான் வந்த வண்டிக்குப் பின்னாலேயே, நம்ம ரெண்டு ஊருக்கும் நடுவுல இருக்கிற கணவாயைப் பனி மூடிடுச்சாம். நேத்து வர்றேன்னீங்க, குழந்தைக்குக் காய்ச்சல்னு ஒரு நாள் தள்ளிப் போட்டீங்களாமே. அந்த ஒரு நாள் என்ன பண்ணிடுச்சு பாருங்க.

விமான நிலையத்துல ஒரு ஆள் என் பாஸ்போர்ட்டைப் புரட்டினான், நாளை எண்ணினான், எழுதினான். ஒரு வருஷம். நான் "நன்றி"ன்னு சொல்லிட்டேன். அவன் திகைச்சுப்போய் என்னைப் பாத்தான். ஹில்டே அம்மா வாசல் வரைக்கும் வந்து, "அடுத்த தடவை பூ இல்லாம பாக்கறேன்"ன்னாங்க.

நம்ம தெருமுனையிலேயே செவலை வேகுற வாசனை. முற்றம் நிறைய ஆள். தூரத்துச் சொந்தக்காரர் ஒருத்தர் எழுந்து வந்து என் தோளைக் கட்டிக்கிட்டு அழுதுட்டு, "தம்பி, நீ செத்தவனுக்கு என்ன வேணும்?"னு கேட்டார். அதுக்குள்ள பக்கத்து வீட்டுக்காரி என்னைப் பாத்துட்டா. அவ போட்ட சத்தத்துல தட்டு ஏந்திக்கிட்டு இருந்தவங்க அத்தனை பேரும் உறைஞ்சுட்டாங்க. என் கோட்டைப் போட்டிருந்த பையன் கோட்டைக் கழட்டிக் கீழ போட்டுட்டு ஓடியே போயிட்டான்.

அம்மா வாசலுக்கு வந்தாங்க. அக்கா, எப்படி இளைச்சுட்டாங்க! நான் உள்ள வர்றதுக்கு முன்னாடி கையை நீட்டித் தடுத்தாங்க. கிண்ணத்துல தண்ணி கொண்டுவரச் சொன்னாங்க. என் தலையை மூணு சுத்து சுத்தித் தண்ணியை வெளிய வீசினாங்க. அப்புறம் என் முகத்தைத் தொட்டாங்க, காதை இழுத்தாங்க, வெடிச்ச உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. "இதை எவனும் செஞ்சிருக்க முடியாது"ன்னு சொல்லிட்டு அந்தக் கையை மூஞ்சியோட சேத்து வெச்சுக்கிட்டாங்க. நான் அழுதேன். ஊரே அழுதுச்சு. மாத்திரையை என் கையால வாங்கிப் போட்டுக்கிட்டாங்க. என் நாற்பதாம் நாள் கறியை நானே தின்னேன். அந்த ஒரு வருஷத் தடையை நெனச்சுப் பாத்தேன், இன்னொரு துண்டை எடுத்துக்கிட்டேன்.

எல்லாம் முடிஞ்சுதுன்னுதான் நெனச்சேன்.

டீ ஊத்திக்கிட்டே இருந்த அம்மா சட்டுனு நிறுத்தினாங்க. "நீ இருக்க. சரி. அப்போ ஒஸ்மோன் அண்ணன் யாருக்காக வந்தார்?"னு கேட்டாங்க. விசாவுக்காகத்தாம்மான்னேன். காதுலயே வாங்கல. வந்தவங்களை ஒவ்வொருத்தரா பாத்தாங்க. அப்புறம், "மீரிம் எங்க?"ன்னாங்க.

கணவாய் மூடியிருக்கு, நாரின்ல இருக்காங்கன்னேன். "தம்பி செத்து நாற்பதாம் நாள், தம்பி பொழைச்சு வந்த நாள், ரெண்டுக்கும் வராம இருப்பாளா என் பொண்ணு?"ன்னு கேட்டாங்க. போன் போடுறேன்னேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "வேணாம் மகனே, உன்னையும் பொய் சொல்ல வெச்சுட்டாங்களா?"ன்னாங்க. அக்கா, அவங்க மறுபடியும் அந்தக் கறுப்புத் துணியை எடுத்துட்டாங்க. அழ ஆரம்பிச்சுட்டாங்க. இப்போ உங்க பேரைச் சொல்லி. பக்கத்து வீட்டுக்காரி கூடச் சேர்ந்துட்டா.

என்ன பண்றதுன்னு தெரியாம கொட்டில்ல நின்னு இதை எழுதுறேன். எப்படியாவது வாங்க.

திலெக்


நாரின், ஜனவரி 15, சாயங்காலம்

திலெக்,

நீ வந்துட்டியாடா! உன் தலையை நானும் சுத்திப் போடணும்.

பனி தள்ளுற வண்டி ஓட்டுறவர் பொண்ணு என் வகுப்புலதான் படிக்கிறா. அவர் பக்கத்துல ஏறி உக்காந்துட்டேன், வண்டி கிளம்பிடுச்சு. நான் வர்றேன்னு அம்மாகிட்ட சொல்லாதே, சொன்னா நம்ப மாட்டாங்க. கறியில எனக்குக் கொஞ்சம் எடுத்து வை. நான் வந்து சேர்ற வரைக்கும் உன் வேலை ஒண்ணே ஒண்ணுதான்: வாசல்லயே நில்லு. என்ன ஆனாலும் ஒஸ்மோன் மாமாவை மட்டும் உள்ள விடாதே.

மீரிம் அக்கா